அவன் வந்த இடம் ஓல்டம்

கார்ஷா,
அக்டோபர், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் நிக்கிக்கு,

நீயும் மார்லனும் சின்னவள் இமானியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். குறுஞ்செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. கடிதமென்றால் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்த பிறகு பிரிக்காமல் குப்பையில் போட உனக்கு மனம் வராது. அந்தத் தைரியத்தில்தான் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே மழை பிடித்தால் விடுவதில்லை. பின்பக்கத் தோட்டம் குளமாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஷீலாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஊன்றுகோலால் தன் நாயை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூட உணவகத்தில் புதிதாக வந்தவர்கள் உருளைக்கிழங்கு மசிப்பதற்குப் பொடி வாங்குகிறார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

உன் அப்பாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வாய்க்கும் குறைவில்லை. நேற்று டிவியில் பெரிய அணிகளின் கால்பந்து ஆட்டம் ஓடியது. ஒரு கோல் விழுந்தது. அது செல்லுமா என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரையில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "அக்குள் ஆஃப்சைடாம் பவுலின், அக்குள். சோப்பு போட்டுக் கழுவுற இடத்துக்கெல்லாம் கோடு போடுறானுங்க" என்று அப்பா கத்தியதில் பூனை எழுந்து மாடிக்குப் போய்விட்டது. பிறகு செய்தி. இடைத்தேர்தலுக்காக இங்கே வந்த யாரோ ஒரு மந்திரி, நம் கார்ஷா டவுன் அணியின் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கை ஆட்டினார். "அந்த ஆளு மஃப்ளரைப் பிடிச்சிருக்கிற அழகைப் பாரு, ஏதோ செத்த பாம்பைப் பிடிச்ச மாதிரி. மழையில ஒரு நாள் எங்களோட நின்னிருப்பானா?" என்றார். அதன்பின் கேக் செய்யும் போட்டி. அதிலும் நடுவர் சரியில்லையாம். எலுமிச்சை கேக் செய்த கிழவரைத் தோற்கடித்தது லண்டன் சதி என்று எனக்கு விளக்கினார். முப்பது வருடம் பஸ் ஓட்டியபோது பயணிகளிடம் சொல்ல முடியாததையெல்லாம் இப்போது என்னிடம் சொல்லித் தீர்க்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிச் சுற்றி வளைப்பது எனக்கே பிடிக்கவில்லை.

அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டாய். மார்லனின் அம்மாவும் பார்த்தார்கள் என்று, பேச்சை நிறுத்துவதற்கு முன் நீ அனுப்பிய ஒற்றை வரியிலிருந்து தெரிந்தது. டிரினிடாடிலிருந்து கனடா வந்து வின்னிபெக் குளிரில் வீடு துடைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாள் அவர். சம்பந்தி வீட்டு மனிதர் டிவியில் நின்று, "வந்தவங்க எல்லாம் வந்த இடத்துக்கே போகட்டும், இது எங்க ஊர்" என்று சொல்வதை அவர் பார்த்திருக்கிறார். 

அன்று மைதான வாசலில் நானும் இருந்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்பாவோடு போவேன், உனக்குத் தெரியும். இரண்டு கையிலும் தின்ன வாங்கிய சூடான மீட் பை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். மைக் பிடித்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். முதலில் கிளப்பை வாங்கியிருக்கும் ஆட்களைப் பற்றிக் கேட்டாள். அவர்கள் லண்டன்காரர்கள். டிவிக்காரன் சொன்னதற்காக ஆட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியவர்கள். அவர்களைப் பற்றித்தான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். லண்டனுக்கே திரும்பிப் போகட்டும் என்று. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அப்புறம் அவள் கால்வாய் ஓரத்துப் பழைய ஹோட்டலைப் பற்றிக் கேட்டாள். அகதிகளைத் தங்கவைத்திருக்கிறார்களே, அது. அப்பா அதற்கும் நீளமாக ஒரு பதில் சொன்னார். டிவியில் ஹோட்டலைக் காட்டி, அந்தக் கேள்வியைப் போட்டு, முதல் பதிலை அதன் பின்னால் ஒட்டிவிட்டார்கள். இது அநியாயம். ஆனால் நிக்கி, இரண்டாவது கேள்விக்கு அவர் உண்மையில் சொன்ன பதிலைப் போட்டிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாயா என்று கேட்டால், அதற்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாதி நியாயமாக இருந்தது. பாதி, நீ கேட்காமல் இருப்பதே நல்லது. கூடத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து அவர் என்னவெல்லாம் சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இருவரும் அப்போதெல்லாம் அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

இப்போது அவர் ஊரெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கசாப்புக் கடையில், தபால் ஆபீசில், டாக்டர் வீட்டு வரிசையில். டிவிக்காரர்களுக்கும் எழுதினார். கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த பதில் வந்தது.

இன்னொன்று. இக்பால் ஹுசேனை உனக்கு நினைவிருக்கும். பஸ் டிப்போவில் அப்பாவோடு வேலை பார்த்தவர், கேலரியில் எப்போதும் அப்பாவுக்கு அடுத்த இருக்கை. அவர் எதிர்ப்பக்கக் கேலரிக்கு இடம் மாறிவிட்டார். முட்டி வலி, இந்தப் பக்கம் படி அதிகம் என்று சொன்னாராம். அப்பா அதை அப்படியே நம்பி, ஷீலாவின் டாக்டர் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

ஈஸ்டருக்கு வருவதாக இருந்தீர்கள். இமானிக்காக மாடி அறைக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அதே வரியில் வரவில்லை என்று நீ எழுதியதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றாவது எழுது.

குளிருக்குக் கதகதப்பாக உடுத்துங்கள். இமானிக்கு என் முத்தம்.

உன் பிரியமுள்ள,
அம்மா


கார்ஷா,
ஜனவரி, சனிக்கிழமை.

அன்பு நிக்கி,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே இமானி வரைந்த படம். அதில் நான் இருக்கிறேன், பூனை இருக்கிறது, ஒரு பெரிய சூரியன் இருக்கிறது. அப்பா அதை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூரியன் நல்லா வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழந்தைக்கு நான்கு வயதுதானே, தாளில் இடம் போதவில்லை என்று நான் சொன்னேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

நிக்கி, எனக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக்கொள்ளவில்லை. உன் அப்பா பேசுவதில்லை.

கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துவிடாதே. கேட்டால் பதில் சொல்கிறார், டீ போட்டுத் தருகிறார், குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கிறார். ஆனால் எதைப் பற்றியும் ஒரு கருத்தும் இல்லை. டிவி ஓடுகிறது, அவர் பார்க்கிறார். பிரதமர் பேசுகிறார், இவர் பார்க்கிறார். பெனால்டி கொடுக்க வேண்டியதை நடுவர் கொடுக்கவில்லை, இவர் பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார். எத்தனையோ வருடமாக, இந்த மனிதர் ஒரு மணி நேரம் வாயை மூடியிருக்க மாட்டாரா என்று கடவுளிடம் கேட்டவள் நான். இப்போது வீடு பூட்டிக் கிடக்கும் கடை மாதிரி இருக்கிறது.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். அப்பட்டமான ஆஃப்சைட் கோலைப் பார்த்து, "இது சரியான கோல்தானே, ட்ரெவர்?" என்றேன். "இருக்கலாம்" என்றார். அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாத கட்சிக்குத்தான் இந்தத் தடவை என் ஓட்டு என்று சொன்னேன். "அது உன் இஷ்டம்" என்றார். கடைசியில் எல்லை மீறி, நம் பரம எதிரியான ஹாஸ்லென்டன் அணியின் கோல்கீப்பர்தான் இந்த டிவிஷனிலேயே சிறந்தவன் என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுக் கூரைக்குக் கீழே, நிக்கி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இருக்கலாம் பவுலின்" என்றார். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

மைதானத்துக்கும் போவதில்லை. சனிக்கிழமை ஆட்ட நேரம் வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். கால்வாய்ப் பாதையில் நடந்து, ஆட்டம் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வருகிறார். கோல் விழுந்தால் எழும் இரைச்சல் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்துக் கால்வாய்வரை கேட்குமாம். கேட்டதா என்று கேட்டால், கேட்டது என்பார்.

காரணம் எனக்கு நேற்றுதான் தெரிந்தது. கேக் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு பெண்ணின் கேக் சரிந்து விழுந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு, "என் வார்த்தையைப் பாட்டா பாடுறாங்க பவுலின்" என்றார்.

பிறகு மெள்ள மெள்ளச் சொன்னார். வீடியோ வந்த பிறகு, கேலரியில் அவருக்குப் பின்வரிசையில் உட்காரும் நான்கைந்து இளவட்டங்கள் அவர் தோளில் தட்டி, "பெருசு, நீதான் நம்ம ஆளு" என்று சொல்லி பியர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். லண்டன்காரர்களைத்தான் சொன்னேன் என்று இவர் விளக்கியிருக்கிறார். அவர்கள் கண்ணடித்து, "புரியுது பெருசு, புரியுது" என்றார்களாம். நவம்பரில் ஒரு ஆட்டம். நம் அணியில் இடது ஓரத்தில் ஓடும் பையன் இருக்கிறானே, ப்ரின்ஸ் கலாலா. பெற்றோர் காங்கோவிலிருந்து வந்தவர்கள். நம் பையன் நிக்கி, நம் சட்டை போட்டவன். அவன் பந்தைத் தவறவிட்டான். உடனே பின்வரிசை பாட ஆரம்பித்திருக்கிறது. பழைய கும்மாளப் பாட்டு மெட்டு, அதில் அப்பா டிவியில் சொன்ன அதே வார்த்தைகள். வந்தவங்க எல்லாம் வந்த இடத்துக்கே. பக்கத்து வரிசையும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் இருக்கை ஓரத்துக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம். கலாலா திரும்பிப் பார்த்தானாம்.

இடைவேளைக்கு முன்னாலேயே அப்பா எழுந்து வந்துவிட்டார். நீ பிறந்த அன்றுகூட ஆட்டம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நான் அதைச் சொல்லல. ஆனா என் குரல்தானே அது" என்றார். நான் டிவியை நிறுத்தினேன். நிறுத்தாதே என்றார். மறுபடி போட்டேன்.

போன வாரம் இக்பாலை சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கீழே பார்த்தார். வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே பேசினார். "அவன் என்னைச் சொல்லலன்னு எனக்குத் தெரியும் பவுலின். எப்பவும் என்னைச் சொல்ல மாட்டான். 'உன்னைச் சொல்லலப்பா'ன்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு எடுத்துச் சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் களைச்சுப் போச்சு" என்றார். நான் அவரைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அவருடைய மனைவி வந்துவிட்டாள், கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று விசாரித்தாள், பேச்சு மாறிவிட்டது.

உன் கோபம் தப்பு என்று நான் எழுதவில்லை. இமானியை நினைத்து நீ முடிவெடுக்கிறாய்; தாயாக நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நீ தண்டிக்க நினைத்த அந்த மனிதர் இப்போது இந்த வீட்டில் இல்லை. இருப்பவர் வேறு யாரோ. அவரோடு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. சண்டை போடவாவது ஒரு தடவை கூப்பிடு. நீ கத்தினால் ஒருவேளை அவரும் கத்துவார்.

அங்கே பனி வாசலை மூடிவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். மார்லனை ஜாக்கிரதையாக வண்டி ஓட்டச் சொல்.

கவலையோடு,
அம்மா


கார்ஷா,
ஏப்ரல், ஈஸ்டர் முடிந்த செவ்வாய்.

என் கண்ணே நிக்கி,

மாடி அறையில் பெயின்ட் வாசனை ஒருவழியாகப் போய்விட்டது. ஈஸ்டர் அன்று நானும் அப்பாவும் ஆட்டுத் தொடை வாட்டி, ஷீலாவையும் கூப்பிட்டுச் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு அது ரொம்ப அதிகம். இன்னும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நிறையச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பணம் கட்டின இருக்கை சும்மா கிடக்கிறதே என்று அவருடைய சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். அது சாக்கு. அந்தப் பாட்டை என் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. மழையும் பனியும் கலந்து கொட்டியது. அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி.

கேட்டேன். பாடினார்கள். கலாலா ஒரு தவறும் செய்யவில்லை அன்று, சும்மா பந்தை எடுக்க ஓரத்துக்கு வந்தான், அவ்வளவுதான். இரண்டு கையையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டான், குளிரில் இமானி செய்வாளே, அந்த மாதிரி. நான் திரும்பி அந்தப் பையன்களைப் பார்த்தேன். இரண்டு பேர் நான் பள்ளியில் சோறு போட்டவர்கள். ஒருவன் என்னை அடையாளம் கண்டு, "என்ன மிஸ், நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். 

வீட்டுக்கு வந்து நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன். "உங்க இடத்துல உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்" என்றேன். அவர் கோட்டை வாங்கி ஹீட்டர்மேல் காயப் போட்டார்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று, கால்வாய்க்குப் போகும் நேரத்தில், மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் போட்டார். நானும் செருப்பை மாற்றிக்கொண்டு கூடக் கிளம்பினேன். நுழைவாயில் இரும்புக் கம்பி அவர் வயிற்றில் முன்னைவிட இறுக்கமாக இடித்தது. கால்வாய் நடை ஒன்றும் பலன் தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்வரிசைக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "டிவி ஸ்டார் வந்தாச்சுடா", "பெருசு, எங்க போயிட்ட இத்தனை நாளா?" என்றெல்லாம் கத்தினார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார், நான் இக்பால் விட்டுப்போன இருக்கையில். இந்த வருடம் நாம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம், லீகிலிருந்தே வெளியே போகிற நிலைமை, ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பாதியில் கலாலாவிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனான் எதிரணிக்காரன். பாட்டு ஆரம்பித்தது.

அப்பா எழுந்தார். எழுந்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் முதுகைக் காட்டி நான் பார்த்ததே இல்லை.

"நிறுத்துங்கடா" என்றார். "அது என் பேச்சு. நான் சொன்னது. எனக்குத் திருப்பிக் கொடுங்க."

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "நீதானே பெருசு சொன்ன, வந்தவன் வந்த இடத்துக்குப் போகணும்னு?" என்றான்.

"அவன் வந்த இடம் ஓல்டம்டா" என்றார் அப்பா. "ஓல்டம். அந்த ரூட்ல நானே பஸ் ஓட்டியிருக்கேன். காலையில ஏறினா காபி ஆறுறதுக்குள்ள இங்க வந்துடலாம். உங்க அம்மா எந்த ஊருடா? உன் பேரு மர்ஃபிதானே? உங்க தாத்தா அயர்லாந்துலேர்ந்து பெட்டியோட இங்க வந்து இறங்கினப்ப, வாசல்ல ஐரிஷ்காரன் வராதேன்னு போர்டு மாட்டினாங்க. அவரே என் பஸ்ல உட்கார்ந்து சொல்லியிருக்கார்." மர்ஃபி முகம் சிவந்துவிட்டது. உட்காரச் சொல்லி மேல்வரிசையிலிருந்து கத்தினார்கள். அப்பா உட்காரவில்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது, நிக்கி. டிவிக்காரர்களைத் திட்டினார், மந்திரியைத் திட்டினார், லண்டன் முதலாளிகளைத் திட்டினார், பாடியவர்களைத் திட்டினார், நடுவில் தன்னையும் திட்டிக்கொண்டார். "நான் ஒரு வாயாடிக் கிழவன். வாயாடி சொன்னதை வேதம்னு எடுத்துட்டு ஒரு சின்னப் பையனைக் கொல்றீங்களே" என்றார். யாரோ பியர் கோப்பையை வீசினார்கள். அது அவர் தலையில் பட்டு என் மடியில் ஊற்றியது.

அந்த நேரம் பார்த்து மைதானமே அதிர்ந்தது. நாம் கோல் போட்டிருந்தோம். நடுக்காப்பு ஆடும் அந்தத் தடியன் இருக்கிறானே, கார்னரிலிருந்து வந்த பந்து அவன் பின்புறத்தில் பட்டு உள்ளே போயிருக்கிறது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். அப்பா திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. பல வாரத்துக்குப் பிறகு நாம் போட்ட கோல், அதை அவர் பார்க்கவில்லை. எப்படி விழுந்தது, யார் கார்னர் அடித்தது, எந்தக் காலில் அடித்தான் என்று அன்று இரவெல்லாம் என்னைக் கேட்டுக் குடைந்தார். பியரைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு என்ன தெரியும்?

மைதானக் காவலாளிகள் வந்தார்கள். பாடினவர்களை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறார் என்று சொல்லி அப்பாவைத்தான் வெளியே அனுப்பினார்கள். அவர் வாதாடாமல் நடந்தார். படியிறங்கும்போது, வரிசை ஓரத்தில் இருந்த ஒரு பெண் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். இன்னொருவர் துப்பினார். இரண்டும் நடந்தது, ஒன்றை மட்டும் எழுதினால் உன்னை ஏமாற்றுவதாகும். அடுத்த ஆட்டத்தில் பாட்டு அவ்வளவு பலமாக இல்லை. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மர்ஃபி மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று அப்பா சொல்கிறார்.

மறுநாள் அவர் இக்பால் வீட்டுக்குப் போனார். நான் போகச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது என்ன ஆச்சு என்று கேட்டேன். "டீ கொடுத்தான். உட்காரச் சொல்லல" என்றார். முன்கூடத்தில் நின்றபடியே குடித்திருக்கிறார்கள், இருவரும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், கோலைப் பற்றி என்றார். எதிர்க் கேலரியிலிருந்து இக்பால் தெளிவாகப் பார்த்திருக்கிறார், இடது காலில்தான் கார்னர் அடித்தது. அடுத்த சீசனுக்கு எந்தப் பக்கம் இருக்கை எடுப்பார் என்று அப்பா கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம்.

அப்பா இப்போது பேசுகிறார், நிக்கி. முழுக்கப் பழையபடி இல்லை. நேற்றுச் செய்தியில் கால்வாய் ஹோட்டலைக் காட்டினார்கள். வழக்கம்போல ஆரம்பித்தார். பாதியில் நின்று, ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அங்க யாரையும் போய்ப் பார்த்ததில்ல" என்றார். உடனே, தொகுப்பாளர் போட்டிருந்த டை அசிங்கம் என்று வேறு பக்கம் போய்விட்டார். அவர் மகானாகிவிட்டார் என்று உன்னை நம்பவைக்க நான் எழுதவில்லை. அறுபது வயதுக்கு மேல் யாரும் தலைகீழாக மாறுவதில்லை. வார்த்தையை வெளியே விடுவதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதுவும் எப்போதும் இல்லை. கேக் போட்டி விஷயத்தில் சுத்தமாக இல்லை.

உன்னைக் கூப்பிட வேண்டும் என்று சில நாளாகப் போனைச் சுற்றி வருகிறார். எடுக்கிறார், வைக்கிறார், பூனையிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். நீ எடுத்தால்கூடப் பரவாயில்லையாம். மார்லன் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். கத்தினால் வாங்கிக்கொள்வேன், மரியாதையாகப் பேசிவிட்டால் என்ன செய்வேன் என்கிறார். மார்லனின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அதை நீ மறித்துவிடாதே. எப்படி வந்தாலும் வரட்டும்.

வரும் ஞாயிறு, உங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். கூப்பிடுவார் என்றுதான் நினைக்கிறேன். நான் தோட்டத்தில் இருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. போனை எடுத்ததும் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல் இருக்கலாம். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, மகளே. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார், சொல்ல வேண்டியதைத் தேடிக்கொண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள். இமானி பக்கத்தில் இருந்தால், அவள் பாட்டுக்குப் பேசட்டும்.

கடவுள் உங்கள் மூவரையும், மார்லனின் அம்மாவையும் காக்கட்டும்.

காத்திருக்கும்,
அம்மா